கனடா வென்றது, பந்தயக் காசு வரவில்லை: வட்ஸ்அப் ஏஜென்ற் மூலம் ஐஸ் ஹொக்கிக்குக் காசு கட்டுகிறவர்கள் வாசிக்கவும்

2026 பெப்ரவரியில் மிலானோ ஒலிம்பிக். 2014 சோச்சிக்குப் பிறகு என்எச்எல் (வட அமெரிக்கத் தொழில்முறை ஹொக்கி லீக்) வீரர்கள் ஒலிம்பிக்கில் இறங்குவது அதுதான் முதல் தடவை. அதற்கு முன்னால், 2025 டிசம்பர் கடைசியில், அமெரிக்காவின் மினசோட்டாவில் உலக ஜூனியர் (20 வயதுக்குட்பட்டோர்) சம்பியன்ஷிப். ரொறன்ரோப் பகுதியில் ஸ்காபரோ, மார்க்கம் பக்கத்து வட்ஸ்அப் குழுக்களில் இவற்றை வைத்துப் பந்தய விளம்பரப் படங்கள் சுற்றத் தொடங்கின. கனடிய ஹொக்கி நட்சத்திரம் மக்டேவிட் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார், பக்கத்தில் "முதல் வைப்புக்கு 100% போனஸ்", கீழே ஒரு தொலைபேசி இலக்கம். 2024-25 சீசனில் இதே மாதிரி ஒரு படத்தில் இருந்த இலக்கத்துக்குத்தான் நான் காசு அனுப்பினேன். பந்தயம் என்றால் தோல்வியும் வரும், அதைப் பற்றி எனக்குக் குறை இல்லை. வென்ற பந்தயங்களுக்குக் காசு தராமல் விட்ட கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஏஜென்ற் நம்முடைய ஆள்தான். யாரோ ஒருவரின் ஒன்றுவிட்ட சகோதரர், கலியாண வீடுகளில் பார்த்த முகம். எல்லோரும் அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு இ-ட்ரான்ஸ்ஃபர் (வங்கி வழியாக இணையத்தில் காசு அனுப்புவது) செய்தால், ஒரு இணையத்தளத்தில் நம் பெயரில் இருக்கும் கணக்கில் அந்தத் தொகை ஏறும். தளத்தின் அடியில் கரீபியன் தீவான குராசோவின் சூதாட்ட உரிமம் என்று ஒரு சின்னம். அதை அழுத்தினால் எங்கேயும் போகாது, வெறும் படம்.

ஐஸ் ஹொக்கி பார்க்காதவர்களுக்கு ஒரு விஷயத்தை விளக்கிவிட்டுத்தான் மேலே போக வேண்டும், ஏனென்றால் முழு ஏமாற்றும் அதற்குள்தான் நடந்தது. ஆட்டம் 20 நிமிடப் பகுதிகள் மூன்று, மொத்தம் 60 நிமிடம். அதற்குள் சமநிலை என்றால் ஓவர்ரைம், அதாவது கூடுதல் நேரம். உலக சம்பியன்ஷிப் குழு ஆட்டங்களில் பக்கத்துக்கு மூன்று பேருடன் 5 நிமிடம் ஓடும், அதிலும் முடிவு வராவிட்டால் ஷூட்அவுட், கோலிக்கு (கோல் காப்பாளருக்கு) எதிராக ஒவ்வொருவராக வந்து அடிப்பது. தங்கப் பதக்க ஆட்டம் என்றால் யாராவது கோல் போடும் வரை போய்க்கொண்டே இருக்கும். ஆகவே கடைசி முடிவில் சமநிலை என்று ஒன்று கிடையாது, ஆனால் 60 நிமிட முடிவில் உண்டு.

இதனால் வெற்றிப் பந்தயமும் இரண்டு வகை. ஒன்றில் இரண்டு அணிகளின் பெயர் மட்டும் இருக்கும். ஓவர்ரைம், ஷூட்அவுட் எல்லாம் சேர்த்து யார் வென்றார்கள் என்பதுதான் கணக்கு. மற்றதில் நடுவில் சமநிலைக்கு ஒரு கட்டம் இருக்கும். அதில் 60 நிமிடம் முடிந்ததும் கணக்கு மூடப்படும். இரண்டாவது வகையில் அணிகளின் விலை (வென்றால் கட்டிய ஒரு டொலருக்கு எத்தனை டொலர் வரும் என்பது) எப்போதும் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், சமநிலை வந்தால் இரண்டு அணிக்காரரும் காசை இழப்பார்கள் என்பதால். ஒழுங்கான எந்தத் தளத்திலும் இரண்டும் தனித்தனித் தலைப்பில் கிடக்கும், பந்தயச் சீட்டிலும் எது என்று எழுதியிருக்கும்.

சரி, இனி நடந்ததற்கு வருவோம்.

2024 டிசம்பர் 27, ஒட்டாவாவில் உலக ஜூனியர் ஆட்டம், கனடா எதிர் லத்வியா. தளத்தில் மூன்று கட்டம் போட்டிருந்தார்கள். கனடாவுக்குக் கட்டினால் தேநீர்க் காசுகூட வராது. சமநிலைக்கு 13 என்று போட்டிருந்தது. 20 டொலரைச் சமநிலையில் வைத்தேன். அன்று லத்வியாவின் கோலி ஃபெல்ட்பெர்க்ஸ் 55 ஷொட்களைத் தடுத்தார். மனிதர் சுவர் மாதிரி நின்றார். 60 நிமிடம் முடிய 2-2. ஓவர்ரைமிலும் கோல் இல்லை. ஷூட்அவுட்டில் லத்வியா வென்று ஊரெல்லாம் தலையில் கை வைத்த அந்த இரவில், 260 டொலர் வரும் என்று நான் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

காலையில் பார்த்தால் சீட்டில் சிவப்பு எழுத்தில் "தோல்வி". அண்ணைக்கு அனுப்பினேன். வந்த பதில் இது: "தம்பி, கடைசி ஸ்கோர் 3-2. லத்வியா வெண்டிட்டுது. பிறகு எப்பிடி சமநிலை? ஹொக்கியில ஷூட்அவுட்டும் சேர்த்துத்தான் கணக்கு." தளத்தின் விதிப் பக்கத்தைத் திறந்தால் அப்படித்தான் எழுதியிருந்தது. அப்படியானால் சமநிலை என்ற கட்டத்தை எதற்குப் போட்டீர்கள், ஷூட்அவுட்டும் சேர்ந்தால் அது எந்தக் காலத்திலும் வெல்ல முடியாத கட்டமல்லவா என்று கேட்டேன். பதில் இல்லை, கட்டைவிரல் ஒன்று மட்டும் வந்தது. அந்த விதிப் பக்கத்தையும் உரையாடலையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்தேன்.

அடுத்தது 2025 பெப்ரவரி 12, நான்கு நாடுகள் போட்டியின் முதல் ஆட்டம், மொன்றியலில் கனடா எதிர் சுவீடன். இந்தத் தடவை தளத்தில் இரண்டு கட்டம்தான். கனடா, சுவீடன். சமநிலை என்று எதுவும் இல்லை. கனடாவுக்கு 1.45. ஷூட்அவுட்டும் சேர்த்துத்தான் கணக்கு என்று அண்ணையே எழுதித் தந்திருக்கிறார், இனி என்ன பயம்? 200 டொலர் கட்டினேன். கனடா முன்னுக்குப் போனது, சுவீடன் விரட்டிப் பிடித்தது, 3-3. ஓவர்ரைமில் மார்னர் அடித்த கோலோடு கனடாவுக்கு 4-3. அப்போது அவர் எங்கள் ரொறன்ரோ லீஃப்ஸ் அணி வீரர், வீட்டில் சத்தம் கூரையைப் பிய்த்தது.

சீட்டில் மறுபடியும் சிவப்பு.

அண்ணையின் பதில்: "தம்பி, ஹொக்கியில 60 நிமிசம்தான் கணக்கு. அது 3-3. கனடா வெல்லேல்ல." டிசம்பரில் அவரே அனுப்பிய செய்தியை அப்படியே அவருக்குத் திருப்பி அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை. தளத்தின் விதிப் பக்கத்தைத் திறந்தால் அந்த வரி மாறியிருக்கிறது. இப்போது "எல்லா வெற்றிப் பந்தயமும் 60 நிமிட முடிவுக்கு மட்டும்". எப்போது மாற்றினார்கள் என்று திகதி இல்லை. என் சீட்டை மறுபடி திறந்தேன். நான் கட்டும்போது "கனடா வெற்றி" என்று மட்டும் இருந்த இடத்தில் "கனடா வெற்றி – 60 நி." என்று புதிதாக ஒரு ஒட்டு. நல்லவேளை, கட்டிய உடனேயே சீட்டையும் படம் எடுத்திருந்தேன். ஒரே தளம், ஒரே விளையாட்டு, இரண்டு ஆட்டத்துக்கும் நேர் எதிரான இரண்டு விதி. இரண்டு தடவையும் காசு அவர்கள் பக்கம்தான் போனது.

விலையைப் பார்த்தாலே இந்தக் குளறுபடியைப் பிடித்துவிடலாம் என்று பிறகுதான் விளங்கியது. அதே ஆட்டத்துக்கு உரிமம் பெற்ற தளங்களில் இருந்த 60 நிமிடக் கட்டத்தில் கனடாவின் விலை 1.45ஐ விடத் தாராளமாகக் கூட. இவர்கள் ஓவர்ரைம் சேர்ந்த பந்தயத்தின் குறைந்த விலையைக் காட்டிக் காசை வாங்கி, 60 நிமிடப் பந்தயத்தின் விதியில் கணக்கை மூடியிருக்கிறார்கள்.

கணக்கில் அதற்குப் பிறகும் 640 டொலர் கிடந்தது, வேறு ஆட்டங்களில் வந்தது. அதை எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்றால் அங்கேதான் இரண்டாவது நாடகம். முதலில் போனஸ் நிபந்தனை: மொத்தத் தொகையை 12 மடங்கு சுற்றிக் கட்டினால்தான் எடுக்கலாமாம். நான் போனஸே எடுக்கவில்லை என்றேன். "ஓட்டோமற்றிக்கா ஏறியிருக்கும் தம்பி." அப்புறம் ஓட்டுநர் உரிமத்தின் இரண்டு பக்கமும், வங்கிக் கூற்றும், உரிமத்தை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தபடி ஒரு செல்ஃபியும் கேட்டார்கள். அனுப்பினேன். அதற்குப் பிறகு வந்ததுதான் உச்சம்: "உங்கள் வெற்றித் தொகைக்குக் கனடா வரி 15 வீதம். 96 டொலரை முதலில் இ-ட்ரான்ஸ்ஃபர் செய்யவும், உடனே 640 விடுவிக்கப்படும்."

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், நம்மில் பலர் இதில்தான் விழுகிறார்கள். கனடாவில் பொழுதுபோக்காகப் பந்தயம் கட்டி வெல்கிற காசுக்கு வருமான வரி கிடையாது. அதையே தொழிலாகச் செய்கிறவர்கள் கதை வேறு. அவர்களும்கூடப் பந்தயத் தளத்துக்கு முன்பணமாக வரி கட்டுவதில்லை, வருமான வரித் திணைக்களத்துக்குத்தான் கட்டுவார்கள். நான் 96 டொலரை அனுப்பவில்லை. அனுப்பிய இன்னொருவரைத் தெரியும். அவரிடம் அடுத்ததாக "கணக்கு சரிபார்ப்புக் கட்டணம்" கேட்டார்கள்.

என் மச்சாளுக்கு நடந்தது வேறு ரகம். 2025 மே 22, டென்மார்க்கின் ஹேர்னிங்கில் உலக சம்பியன்ஷிப் கால் இறுதி. நட்சத்திர வீரர்கள் க்ரொஸ்பியும் மக்கினனும் இருந்த கனடா 1-0 என்று முன்னுக்கு நின்றது. மூன்றாவது பகுதி ஓடிக்கொண்டிருக்கும்போது அவர் விளையாட்டாக 10 டொலரை டென்மார்க்கில் வைத்தார். கடைசி மூன்று நிமிடத்துக்குள் டென்மார்க் இரண்டு கோல் போட்டது. வெற்றிக் கோல் விழும்போது மணிக்கூட்டில் மிச்சம் 49 விநாடி. 2-1, அதுவும் 60 நிமிடத்துக்குள்ளேயே, எந்த விதியில் பார்த்தாலும் வெற்றிதான். மறுநாள் சீட்டில் "இரத்து – விலைப் பிழை". கட்டிய 10 டொலர் மட்டும் திரும்பி ஏறியிருந்தது. விலைப் பிழை என்ற விதி உரிமம் பெற்ற தளங்களிலும் உண்டு, அது பொய்யில்லை. ஆனால் அங்கே என்ன பிழை, சரியான விலை என்ன என்று கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். இவர்களிடம் கேட்டதற்கு மச்சாளின் கணக்கையே பூட்டிவிட்டார்கள். கனடா வென்றிருந்தால் அந்த விலையில் யாருக்கும் பிழை தெரிந்திருக்காது.

எங்கெல்லாம் போனேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். வங்கியில் "நீங்களே விரும்பி அனுப்பிய இ-ட்ரான்ஸ்ஃபர், மறுபக்கம் எடுத்தாயிற்று, திருப்ப முடியாது" என்றார்கள். அனுப்பிய ஒவ்வொரு தடவையும் பெறுநர் பெயர் வேறு வேறாக இருந்ததை அந்த அலுவலர்தான் கவனித்துக் காட்டினார். ஒன்றுகூட நிறுவனப் பெயர் இல்லை. ஏஜிசிஓ எனப்படும் ஒன்ராறியோ சூதாட்ட ஆணையத்திடம் பதிவு செய்யாத தளத்திடமிருந்து காசை மீட்டுத் தர அவர்களால் முடியாது. பொலிசில் முறைப்பாடு எழுதினேன், கனடிய மோசடி எதிர்ப்பு மையத்துக்கும் சொன்னேன், 1-888-495-8501. ஓட்டுநர் உரிமத்தின் படம் அந்தத் தளத்துக்காரர் கையில் இருக்கிறதே என்ற பயத்தில் ஈக்விஃபக்ஸ், ட்ரான்ஸ்யூனியன் என்ற கடன் தகவல் நிறுவனங்கள் இரண்டிலும் மோசடி எச்சரிக்கை போட்டேன். படம் அனுப்பியிருக்கிற யாராக இருந்தாலும் இதை இன்றைக்கே செய்யுங்கள். காசை விட இதுதான் அவசரம்.

ஒன்ராறியோவில் ஒளித்து மறைத்துக் கட்ட வேண்டிய தேவையே இல்லை என்பதுதான் எனக்கு ஆகக் கோபம். ஒற்றை ஆட்டத்துக்குப் பந்தயம் கட்டுவது 2021 ஓகஸ்ட் 27 முதல் நாடு முழுக்கச் சட்டபூர்வம். 2022 ஏப்ரல் 4 முதல் இங்கே தனியார் தளங்களும் உரிமத்தோடு நடக்கின்றன. எவை என்ற பட்டியல் ஐகேமிங் ஒன்ராறியோ என்ற அரச அமைப்பின் இணையத்தளத்தில் பகிரங்கமாகக் கிடக்கிறது. 19 வயது ஆகியிருக்க வேண்டும், காசு நம் பெயரில் உள்ள வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகப் போகும், நடுவில் எந்த அண்ணையும் இல்லை. தகராறு வந்து நிறுவனம் சரியாகப் பதில் சொல்லாவிட்டால் ஐகேமிங் ஒன்ராறியோவிடம் முறையிடலாம். அவர்களும் தர்ம ஸ்தாபனம் நடத்தவில்லை, வெல்கிறவருக்கு வரம்பு போடுகிறார்கள் என்ற குறை அங்கேயும் உண்டு. ஆனால் கட்டிய சீட்டின் எழுத்தை இரவோடு இரவாக மாற்ற மாட்டார்கள்.

விளம்பரப் படத்தைப் பார்த்தவுடனேயே ஆளைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஒன்ராறியோ விதிப்படி உரிமம் பெற்ற தளங்கள் போனஸைப் பொதுவில் விளம்பரப்படுத்தக் கூடாது. 2024 பெப்ரவரி 28க்குப் பிறகு விளையாட்டு வீரர்களை வைத்துப் பந்தய விளம்பரம் செய்யவும் தடை, பொறுப்பாக விளையாடுங்கள் என்று சொல்கிற விளம்பரத்தைத் தவிர. அதாவது மக்டேவிட் படமும் 100% போனஸும் ஒரே சுவரொட்டியில் இருந்தால், அதை அனுப்பியவர் யாருடைய சகோதரராக இருந்தாலும் அது உரிமம் இல்லாத இடம்.

நான் கடைசியாகப் பார்த்தபோது அந்தத் தளம் திறக்கவில்லை. வேறு பெயரில் ஒன்று வந்திருக்கிறது, அதே பச்சை நிறம், அடியில் அதே அழுத்த முடியாத குராசோ சின்னம். இரண்டு விதிப் பக்கங்களின் படமும், சீட்டுகளும், பெறுநர் பெயர்களும் என்னிடம் இருக்கின்றன. முறைப்பாடு செய்ய நினைக்கிறவர்கள் தனியாகக் கேளுங்கள், தருகிறேன். காசு போனதை வீட்டில் சொல்ல முடியாமல், விட்டதைப் பிடிக்க இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறவர்கள் இரண்டு பேரை எனக்கே தெரியும். அவர்களுக்காக இதையும் போடுகிறேன்: சூதாட்டப் பழக்கத்திலிருந்து மீள உதவும் கொனெக்ஸ்ஒன்ராறியோ, 1-866-531-2600, இருபத்துநான்கு மணி நேரமும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை.