வீடு ஒரு பக்கம், பறவை ஒரு பக்கம்: ஆர்.வி.யில் பறவை பார்க்க டெக்சஸா, ஃப்ளோரிடாவா, அரிசோனாவா?

அமெரிக்காவில் குளிர்காலத்துக்கு ஆர்.வி. (படுக்கை, சமையல் வசதியோடு தங்கிப் பயணிக்கும் வண்டி) எடுத்துக்கொண்டு பறவை பார்க்கக் கிளம்புகிறவர்களின் பேச்சில் பெரும்பாலும் மூன்று பெயர்கள் அடிபடும். தெற்கு டெக்சஸின் ரியோ கிராண்டே பள்ளத்தாக்கு, ஃப்ளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்புநிலப் பூங்கா, அரிசோனாவின் தென்கிழக்கு மூலை. மூன்றிலும் பறவைக்குப் பஞ்சமில்லை. பட்டியல் போட்டு ஒப்பிட ஆரம்பித்தால் விடிய விடியப் பேசலாம், முடிவுக்கு வர முடியாது. அதனால் நான் முதலில் பார்ப்பது வேறு: ராத்திரி வண்டி நிற்கும் இடத்துக்கும் காலையில் பறவை இருக்கும் இடத்துக்கும் எவ்வளவு தூரம்? அந்தத் தூரத்தை எதில் போவது?

டெக்சஸில் இந்தக் கேள்வி உடனே கடிக்கும். ரோமாவிலிருந்து சவுத் பாட்ரே தீவு வரை ஒன்பது இடங்களைச் சேர்த்து உலகப் பறவை மையம் என்று வைத்திருக்கிறார்கள். அதன் தலைமையிடம் மிஷன் ஊரை ஒட்டிய பென்ட்சன் மாநிலப் பூங்கா. ஒரு காலத்தில் அதற்குள்ளேயே ஆர்.வி. வரிசையாக நிற்கும். பறவை மையமாக மாற்றியபோது அதை எடுத்துவிட்டார்கள். இப்போது சொந்த வண்டி வாசலோடு சரி. உள்ளே நடை, சைக்கிள், டிராம். நல்ல முடிவு என்றுதான் சொல்வேன். தீனி வைக்கும் இடத்தில் பச்சை ஜேக்களும் சச்சலாக்காக்களும் சண்டை போடுவதைக் கேட்க எஞ்சின் சத்தம் இல்லாமல் இருப்பதே மேல். ராத்திரிக்கு மிஷன் பக்கத்துத் தனியார் ஆர்.வி. பார்க்குகள் இருக்கின்றன. தண்ணீர், கரண்ட், கழிவுக் குழாய் மூன்றும் கிடைக்கும். வடக்கிலிருந்து வந்து குளிர்காலம் முழுக்கத் தங்கும் ‘விண்டர் டெக்சன்’ கூட்டத்தை நம்பி வளர்ந்த தொழில் அது. மாத வாடகைக்கு எடுத்தால் நாள் வாடகையைவிடக் கட்டுப்படியாகும்.

வெஸ்லகோவில் எஸ்டெரோ யானோ கிராண்டே பூங்கா. அதுவும் பகலுக்கு மட்டும். வேடிக்கை என்னவென்றால், அதன் வெப்பமண்டலப் பகுதி என்று சொல்லும் தோப்பே ஒரு பழைய ஆர்.வி. பார்க்தான். இந்தப் பூங்காவில் பௌராக்கே என்ற ராத்திரிப் பறவையைத் தேடிப் பாருங்கள். நம் ஊர்ப் பக்கியின் இனம். பாதை ஓரத்தில் சருகோடு சருகாகப் படுத்திருக்கும். பக்கத்தில் நிற்பவர் விரலை நீட்டி “அந்தக் குச்சிக்கு இடப்பக்கம்” என்பார், நீங்களும் தலையாட்டுவீர்கள், ஆனால் தெரியாது. பிறகு சருகில் ஒரு கண் மட்டும் மெல்லத் திறக்கும்.

பூங்காவுக்குள்ளேயே வண்டியை நிறுத்த வேண்டும் என்றால் மேற்கே ஃபால்கன் மாநிலப் பூங்கா இருக்கிறது. ஏரி ஓரம், இணைப்பு வசதியோடு. ஆனால் மற்ற இடங்களிலிருந்து அது ஒதுங்கிக் கிடக்கிறது. இன்னொன்று: பள்ளத்தாக்கிலிருந்து வடக்கே திரும்பும்போது 281, 77 இரண்டு நெடுஞ்சாலையிலும் எல்லைக் காவல் சோதனைச் சாவடி உண்டு. விசாவில் இருப்பவர்கள் பாஸ்போர்ட்டையும் தாள்களையும் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். படுக்கைக்கு அடியில் இருக்கும் பெட்டியில் அல்ல.

எவர்கிளேட்ஸ் இதற்கு நேர் எதிர். ஃப்ளமிங்கோ என்ற முகாமில் வண்டியை நிறுத்தினால் பறவைகளுக்கு நடுவிலேயே நிற்கிறீர்கள். படகுத்துறையில் விராலடிப்பான் கூடு, கீழே தண்ணீரில் முதலை, சில நாள் கடற்பசுவும். சில இடங்களில் கரண்ட் உண்டு. கழிவுக் குழாயை மறந்துவிடுங்கள். முக்கிய வாசலிலிருந்து 38 மைல் உள்ளே என்பதால் மளிகை, கேஸ் எல்லாம் முன்கூட்டியே நிரப்பிக்கொள்ள வேண்டும். வழியில் அன்ஹிங்கா பாதை. பாம்புத்தாராவின் அமெரிக்கச் சொந்தக்காரர் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டு கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருப்பார். ஆனால் அந்தப் பார்க்கிங்கில் கருங்கழுகுகள் வைப்பர், ஜன்னல் ரப்பர் எதையும் விடாமல் பிய்க்கும். மூடிவைக்கப் பூங்காவே தார்ப்பாய் தருகிறது. ரப்பர் சீல் அதிகம் உள்ள ஆர்.வி.க்காரர்கள் இதைச் சிரித்துக் கடக்க வேண்டாம். டிசம்பர் முதல் ஏப்ரல் வரையான வறண்ட காலம்தான் சரி. கோடையில் கொசு உங்களைத் தூக்கிக்கொண்டு போய்விடும்.

ஃப்ளோரிடாவில் உண்மையான தலைவலி முன்பதிவு. மயாக்கா ரிவர் போன்ற மாநிலப் பூங்காக்களில் உள்ளூர்க்காரர்கள் 11 மாதம் முன்பே பதியலாம், வெளிமாநிலத்தவர் 10 மாதம். அந்த ஒரு மாத வித்தியாசத்திலேயே நல்ல இடங்கள் போய்விடும்.

அரிசோனாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ‘வெப்பமான ஊர்’ என்று நம்பி ஜனவரியில் போனால், பட்டகோனியா ஏரிப் பூங்காவில் ராத்திரி தண்ணீர்க் குழாய் உறைந்துபோக வாய்ப்புண்டு. ஏரியே கிட்டத்தட்ட 3,750 அடி உயரத்தில் இருக்கிறது. அந்த ஏரியின் ஓடைப் பக்கம் குளிர்காலத்தில் எலிகன்ட் ட்ரோகன் என்ற பறவை தென்படுவதுண்டு. மேற்குத் தொடர்ச்சி மலைத் தீக்காக்கையைப் பார்த்தவர்களுக்கு உறவு சட்டென்று பிடிபடும். சிக்கல் மலைப்பாதைகளில்தான். மடேரா பள்ளத்தாக்கின் போக் ஸ்பிரிங்ஸ் முகாம் 22 அடிக்கு மேற்பட்ட வண்டிக்கு ஆகாது. நீளமான மோட்டார்ஹோமை (எஞ்சினோடு தானே ஓடும் ஆர்.வி.) எடுத்துக்கொண்டு அந்த வளைவுகளில் ஏற எனக்குத் தைரியமில்லை.

ஆக, வண்டியைப் பொறுத்துத்தான் என் தேர்வு. ட்ரெய்லரைக் கழற்றிவிட்டு பிக்கப்பில் சுற்றுகிறவர்களும், பின்னால் கார் இழுத்து வருகிறவர்களும் கண்ணை மூடிக்கொண்டு டெக்சஸ் போகலாம். ஒரே இடத்தில் வீட்டை ஊன்றிவிட்டு தினம் ஒரு பூங்கா. பெரிய மோட்டார்ஹோம் மட்டும்தான், வேறு வண்டி இல்லை என்றால் ஃப்ளமிங்கோ. காலையில் கதவைத் திறந்து இறங்கினால் போதும். சின்ன வேன்காரர்களுக்கு அரிசோனா, ஆனால் ஜனவரியில் அல்ல. ஜூலை, ஆகஸ்ட் பருவமழையில் போங்கள். ஹம்மிங்பேர்டுகள் வகைவகையாக வந்து குவியும் மாதங்கள் அவை. அந்த வெயிலிலும் மலை மேல் முகாமில் ஏசி இல்லாமல் தூங்கலாம்.