வாட்டர் பம்ப் மாத்தினாங்க, ஏர் எடுக்கல. 46,000 ரூபாய் போச்சு

எல்லா கம்பெனி வண்டியும் பார்க்கிற ஒரு பெரிய ஒர்க் ஷாப், சென்னைப் புறநகர்ல. தங்கச்சியோட 1.2 லிட்டர் பெட்ரோல் காருக்கு வாட்டர் பம்ப்பும் மேல் ரேடியேட்டர் ஹோஸும் மாத்தி 9,200 ரூபாய் வாங்கினாங்க. கூலிங் சிஸ்டத்துல நின்ன காத்தை எடுக்காமலே வண்டியைக் குடுத்துட்டாங்க. இன்ஜின் பிளாக்குக்கும் அதுக்கு மேல மூடுற ஹெட்டுக்கும் நடுவுல இருக்கிற ஹெட் கேஸ்கட் போச்சு, ஹெட் வளைஞ்சுது, வேற இடத்துல 46,000 ரூபாய் அழுதுட்டு இன்னைக்குத்தான் வண்டியை எடுத்தோம். கூலன்ட் வேலை முடிஞ்சு வண்டி எடுக்கிறவங்க என்னென்ன பார்க்கணும்னு கடைசியில சுருக்கமா எழுதுறேன்.

டெலிவரி அன்னைக்கு சூப்பர்வைசர் பானெட்டைத் திறந்து, இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி, ஏசியைப் போட்டிருக்கார். ரேடியேட்டர் ஃபேன் சுத்தியிருக்கு. "பாருங்க மேடம், ஃபேன் ஓடுது, கேஜ் நடுவுல நிக்குது, ஏர் எல்லாம் எடுத்தாச்சு." இவ்வளவு காட்டினப்புறம் யார் சந்தேகப்படுவாங்க? ஆனா ரெண்டுமே சாட்சி இல்ல. ஏசி போட்டா கண்டென்சருக்காக ஃபேன் ஓடியே ஆகணும், கூலன்ட் சூடா இருக்கா இல்லையான்னு அதுக்குக் கவலை இல்ல. கேஜுக்குச் சூட்டைச் சொல்ற சென்சார் முனையைச் சுத்திக் கூலன்ட் இல்லாம காத்து நின்னா, பக்கத்துலயே கொதிச்சாலும் முள் தாமதமாத்தான் ஏறும்.

பில்லே காட்டிக் குடுக்குது. "ஃபுல் ஃப்ளஷ்"னு ஒரு வரி, கீழே கூலன்ட் 3 லிட்டர். கையேட்டுல 5 லிட்டர். பிளாக்குள்ள பழசு ஒரு லிட்டர் தங்கிடுச்சுன்னே வெச்சுக்குவோம், மீதி ஒரு லிட்டர் இடத்துல என்ன இருந்துச்சு? காத்துதான். அது உயரமான இடமாப் பார்த்துப் போய் நிக்கும்: ஹெட், ஹீட்டர் கோர் (டேஷ்போர்டுக்குள்ள ஹீட்டர் காத்தைச் சூடாக்குற குட்டி ரேடியேட்டர்), தெர்மோஸ்டாட் (ரேடியேட்டருக்குக் கூலன்ட் போற வழியைத் திறந்து மூடுற வால்வு) ஹவுசிங். இந்த வண்டியில ஹீட்டர் கோர் ரேடியேட்டர் மூடியை விட உயரம், அதனால மூடி வழியா ஊத்திட்டே இருந்தா மட்டும் காத்து வெளிய வராது. தெர்மோஸ்டாட்டுக்குள்ள இருக்கிற மெழுகு சூடான கூலன்ட் பட்டு உருகினாத்தான் 82 டிகிரி வாக்குல திறக்கும். காத்துல நின்னா லேட்டாத் திறக்கும், அதுக்குள்ள ஹெட்டுல அங்கங்க ஆவி கட்டிடும். லேத்துல நேர்சட்டம் வெச்சு ஃபீலர் கேஜ் விட்டப்போ 0.15 மில்லிமீட்டர் தகடு சுலபமா உள்ள போச்சு. நிறைய இன்ஜினுக்கு ஹெட் வளைவு 0.05 தான் எல்லை.

முறைப்படி செஞ்சா ஒரு மணி நேர வேலை. இன்ஜின் ஆறியிருக்கணும், முன்பக்கம் தூக்கியிருக்கணும், ஹீட்டர் ஃபுல் ஹாட்ல இருக்கணும். மூடியில உயரமான புனல் மாட்டி, காத்தை வெளிய விடுற ப்ளீட் ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழ் இல்லாம கூலன்ட் வழியிற வரைக்கும் மெதுவா ஊத்தி, ஸ்க்ரூவை அளவா முடுக்கணும். அப்புறம் ஏசி இல்லாம ஐடில்ல விட்டு, ஹோஸை அமுக்கி அமுக்கி விட்டு, மேல் ஹோஸ் சூடாகி, கீழ் ஹோஸும் சூடாகி, ஃபேன் தானா ரெண்டு தடவை ஓடி நிக்கணும். கூலன்ட் எவ்வளவு இறங்கியிருக்கோ அவ்வளவு திரும்ப ஊத்தணும். அந்த ப்ளீட் ஸ்க்ரூவை நானே டார்ச் அடிச்சுப் பார்த்தேன். தலையில ஆயிலும் தூசியும் சேர்ந்த பழைய அழுக்கு அப்படியே இருந்துச்சு, ஸ்பேனர் பட்ட தடமே இல்ல. எடுத்தாச்சுன்னு எப்படி வாய் கூசாம சொன்னாங்க?

டேஷ்போர்டுக்குள்ள தண்ணி சலசலன்னு சத்தம், ஹீட்டர் போட்டா ஜில்லுன்னு காத்து. தங்கச்சி உடனே ஃபோன் பண்ணிச் சொன்னா. "புதுக் கூலன்ட் மேடம், ஓட ஓட செட் ஆயிடும்." திரும்பக் கேட்டதுக்கு, "டெக்னீஷியன் லீவு, திங்கள்கிழமை கொண்டு வாங்க." பரனூர் டோல் தாண்டி முள் சிவப்புக்குப் போய் வண்டி நின்னதும் பேச்சே மாறிடுச்சு: "கேஜைப் பார்க்காம ஓட்டியிருக்கீங்க மேடம்." நான் நேர்ல போய்க் கேட்டா, "தெர்மோஸ்டாட்டைக் கழட்டிட்டா இந்தப் பிரச்சினையே வராது சார்"னு எனக்கே பாடம். ஓனர் மீட்டிங்ல இருக்காராம், இன்னும் முடியல போல. கேஸ்கட் செட், புது ஹெட் போல்ட், வளைஞ்ச ஹெட்டைச் சமமாக்குற ஃபேசிங், ஆயில், கூலன்ட், லேபர், டோயிங், எல்லாம் சேர்த்து 46,000. அவங்க வாங்கின 9,200 தனி. ரெண்டு பில்லையும் ஸ்க்ரூ ஃபோட்டோவையும் வெச்சு 1915 நுகர்வோர் உதவி எண்ல புகார் குடுத்தாச்சு.

இதை விட விவரமா எழுதுற நிலைமையில இப்ப இல்ல. இதை மட்டும் பண்ணுங்க. ஏசியை அணைச்சுட்டு, ஃபேன் தானா ஓடி நிக்கிறதைக் கண்ணால பார்க்காம வண்டியை எடுக்காதீங்க. எத்தனை லிட்டர் ஊத்தினாங்கன்னு பில்லுல எழுத வைங்க, கையேட்டோட ஒப்பிடுங்க. மறுநாள் காலையில ஆறின இன்ஜின்ல ரிசர்வ் பாட்டில் அளவைப் பாருங்க. இன்ஜின் சூடான பிறகும் ஹீட்டர் குளிர்ந்த காத்து விட்டா அதுக்கு மேல ஓட்டாதீங்க. முள் ஏறினா ஓரமா நிறுத்தி இன்ஜினை அணைங்க. மூடியைத் திறக்காதீங்க, கொதிக்கிற கூலன்ட் மூஞ்சியில அடிக்கும். குளிர்ந்த தண்ணியும் ஊத்தாதீங்க, ஹெட் விரிசல் விட்டுடும்.