செயின்சா பேன்ட்: முன்பக்கக் காப்பா, சுற்றிலும் காப்பா?

செயின்சா எனும் சங்கிலி ரம்பத்தால் மரம் அறுப்பவர் காலைக் காக்க அணியும் பேன்ட் இது. முன்பக்கக் காப்பு, சுற்றுக் காப்பு இரண்டிலும் சூட்சுமம் ஒன்றுதான். வெளித்துணி கிழிந்ததும் உள்ளடுக்கின் நீண்ட இழைகள் செயினோடு இழுபட்டு, அதை ஓட்டும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டில் சுற்றி அதை நிறுத்திவிடும். அந்த அடுக்கு எங்கே இருக்கிறது என்பதுதான் வித்தியாசம்.

டைப் ஏ-யில் முக்கியமாகக் காலின் முன்பக்கத்தில் காப்பு. எடை குறைவு, பின்னால் காற்றோட்டம். தரையில் நின்று மரம் அறுத்துப் பழகியவருக்கு இது போதும்; கழற்றி வைக்கத் தோன்றாத பேன்ட்தானே காப்பாற்றும்! டைப் சி காலைச் சுற்றிலும் மூடும். கனம், புழுக்கம் அதிகம். ஆனால் கயிற்றில் தொங்கி அறுக்கும்போது செயின் பின்தொடையிலும் படலாம். அங்கே டைப் ஏ வீண் சிக்கனம். புதிதாகப் பழகுபவருக்கும் சி-தான்.

பேன்ட்டில் குறித்திருக்கும் வகுப்பு எண் வேறு கணக்கு. அது சோதனையில் செயின் ஓடிய வேகம்: வகுப்பு 1-க்கு நொடிக்கு 20 மீட்டர், 2-க்கு 24, 3-க்கு 28. மின்சார செயின்சாவில் முறுக்குவிசை (சுழற்றும் விசை) அதிகம் என்பதால் இழைகள் அதை நிறுத்தும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

எதை வாங்கினாலும் கிழிசலைத் தைக்கும் ஊசி உள்ளடுக்கைத் தொடக்கூடாது. தையல் விழுந்த இடத்தில் இழை உருவி வராது. செயின் உள்ளடுக்கை வெட்டியிருந்தால் பேன்ட்டைத் தூக்கிப் போடுங்கள்.