தடம் காட்டும் பொம்மையா, மேய்ப்பர் செய்த பொம்மையா?

பனிச்சிறுத்தைக்கு உதவ நினைத்து பொம்மை வாங்குவோர் முன் இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது, QR குறியீட்டோடு வரும் பஞ்சடைத்த மென்பொம்மை. அதை ஸ்கேன் செய்தால், இடங்காட்டும் கழுத்துப்பட்டை மாட்டிய ஒரு பனிச்சிறுத்தை நடந்த பாதை வரைபடத்தில் தெரியும். குழந்தைகளுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் வரைபடத்தில் தெரியும் புள்ளி, விலங்கு 'இப்போது' நிற்கும் இடம் என்று நம்ப வேண்டாம். வேட்டைக்காரர்களுக்குத் துப்புக் கிடைக்காமலிருக்க இடத்தைத் தாமதித்தே காட்ட வேண்டும். செங்குத்துப் பாறையிடுக்கில் செயற்கைக்கோள் சிக்னல் அறுந்துபோகும். பேட்டரி தீர்ந்தாலோ, பட்டை தானே கழன்று விழுந்தாலோ பாதை அங்கேயே முடியும். விலங்கு செத்துவிட்டதாகக் குழந்தை அழக்கூடும், முன்பே சொல்லிவையுங்கள். 'வருமானத்தில் ஒரு பங்கு' என்று மட்டும் அட்டையில் இருந்தால் எத்தனை சதவீதம், யாருக்கு என்று கேளுங்கள்.

இரண்டாவது, மங்கோலிய மேய்ப்பர் குடும்பங்கள் ஆட்டுக் கம்பளியை நனைத்து அழுத்திச் செய்யும் பொம்மை. 'ஸ்னோ லெப்பர்ட் என்டர்பிரைசஸ்' திட்டத்தில் கைவினைக் கூலியோடு ஒரு போனஸும் உண்டு. அந்தச் சமூகத்தில் ஒருவர் பனிச்சிறுத்தையையோ அதன் இரையான காட்டாட்டையோ கொன்றாலும் எல்லோருக்கும் போனஸ் போய்விடும். அண்டை வீட்டாரே காவலாகிவிடுகிறார்கள்.

மங்கோலியாவின் கோபி பாலைவனத்திலுள்ள தோஸ்த் மலையில் ஓர் ஆண் சிறுத்தை சராசரியாக 207 சதுர கி.மீ. சுற்றுகிறது. அந்தப் பரப்பில் மேய்ப்பர்களின் மந்தைகளும் மேய்கின்றன. அதனால் என் ஓட்டு கம்பளிக்கே. வெந்நீரில் மட்டும் துவைக்காதீர்கள், சுருங்கிவிடும்.