24 முட்டைக் குஞ்சு பொரிக்கும் மெஷின்: வாங்கலாம், ஆனால் முதலில் முட்டையைப் பாருங்கள்

சீனாவில் இருந்து வரும் 24 முட்டை மெஷின் இப்போது யாழ்ப்பாண டவுனில் பல கடைகளில் கிடைக்கிறது. மஞ்சள் அடிப்பெட்டி, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் மூடி, ஒரு சின்ன ஃபேன், முட்டையைத் தானாகச் சரித்துவிடும் தட்டு. எங்கே வாங்கினாலும் சாமான் ஏறத்தாழ ஒன்றுதான், பெட்டியில் அடித்திருக்கும் பெயர்தான் மாறும். நீர்வேலியில் எங்கள் வளவில் ஊர்க்கோழி வளர்க்கிறோம், இந்த மெஷினை வெயில் காலத்திலும் மாரியிலும் ஓட்டிப் பார்த்தாயிற்று. மெஷின் நல்ல மெஷின். கூட வரும் கையேடு எங்கள் ஊருக்குச் சரிவராது. குஞ்சு வரவில்லை என்று மெஷினைத் திட்டுகிறவர்களில் பலருக்கு உண்மையில் பிழையாய்ப் போனது முட்டை.

நான் வாங்கிய கடையில், எந்த முட்டையை வைத்தாலும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பொரிக்கும் என்றுதான் சொல்லி விற்றார்கள். இப்படிச் சொல்லி விற்கக்கூடாது. பலசரக்குக் கடையில் வாங்கும் மண்ணிற லேயர் முட்டை சேவலே இல்லாத பண்ணையில் இருந்து வருகிறது, அதை எந்த மெஷினில் வைத்தாலும் கூழ்முட்டைதான். சேவல் மிதித்த முட்டை வேண்டும். பத்துப் பேட்டுக்கு ஒரு சேவல் இருந்தால் போதும், அதுவும் கால் ஊனமில்லாத, வயசு போகாத சேவலாக இருக்க வேண்டும். சேவலைச் சேர்த்த மறுநாளே முட்டை எடுத்து வைக்காதீர்கள், ஒரு கிழமை பொறுத்தால் நம்பி வைக்கலாம். சேவலை விற்ற பிறகும் பேடு ஏறத்தாழ இரண்டு கிழமைக்குக் கருவுள்ள முட்டை இடும் என்பது பலருக்குத் தெரியாது.

உங்கள் கோழிகளின் முட்டையில் கரு இருக்கிறதா என்று அறிய மெஷினே தேவையில்லை. சமைக்க உடைக்கும் முட்டையின் மஞ்சள் கருவைப் பாருங்கள். மேலே ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும். அது ஒழுங்கில்லாமல் சின்னதாக, அடர்வெள்ளையாக இருந்தால் சேவல் சேராத முட்டை. நடுவில் தெளிவும் சுற்றி வெள்ளை வளையமுமாக, கொஞ்சம் பெரிதாக இருந்தால் கரு உண்டு. நாலைந்து முட்டையில் இப்படிப் பார்த்தாலே உங்கள் சேவல் வேலை செய்கிறதா என்று தெரிந்துவிடும்.

அடுத்தது முட்டையைச் சேர்த்து வைக்கும் விதம், எங்கள் வெக்கையில் இதுதான் பெரிய சிக்கல். சூடு 20, 21 பாகை செல்சியசுக்கு மேலே போனாலே கரு மெல்ல வளரத் தொடங்கும். பங்குனி சித்திரையில் குசினி மூலையில் வைத்த முட்டைக்குள் கரு அரைகுறையாக வளர்ந்து, பலவீனப்பட்டு, மெஷினுக்குள் போன சில நாளில் செத்துவிடும். ஃபிரிஜ்ஜில் வைப்பதும் சரியில்லை, அது அளவுக்கு மிஞ்சிய குளிர். வீட்டில் குளிர்ச்சியான இடத்தில், கூர் முனை கீழே இருக்க வைத்து, ஒரு கிழமைக்குள் மெஷினில் ஏற்றிவிடுங்கள். வெயில் காலத்தில் அதைவிடச் சீக்கிரம். முட்டையைக் கழுவ வேண்டாம், ஓட்டின் மேல் இருக்கும் மெல்லிய படலம் போனால் கிருமி உள்ளே இறங்கும்.

சரி, மெஷினுக்கு வருவோம். ஃபேன் உள்ள பெட்டிக்கு 37.5 முதல் 37.8 பாகை வேண்டும். என்னுடைய மெஷினின் திரையில் 37.8 என்று காட்டும்போது உள்ளே உண்மையில் அதைவிட அரைப் பாகை குறைவாக இருந்தது. காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரை முட்டைகளுக்கு நடுவே வைத்துத்தான் கண்டுபிடித்தேன். செட்டிங்கில் திருத்தும் வசதி இருக்கிறது, திருத்திய பிறகு பிரச்சினை இல்லை. சூடு குறைந்தால் குஞ்சு 21 நாள் தாண்டியும் வராது. கூடினால் நாளுக்கு முன்னமே தொப்புள் ஆறாமல் வரும். இரண்டில் கூடுவதுதான் பயம், 40 பாகையைத் தாண்டிக் கொஞ்ச நேரம் நின்றாலே எல்லாம் போய்விடும். ஆகவே முட்டை ஏற்றுவதற்கு முன் ஒரு முழு நாள் வெறும் பெட்டியை ஓடவிட்டுப் பாருங்கள், வெயில் படும் ஜன்னலடியில் வைக்காதீர்கள்.

கையேடு தவறாக வழிகாட்டுவது தண்ணீர் விஷயத்தில். பெட்டியின் அடியில் தண்ணீர் விடும் இரண்டு வாய்க்காலையும் முதல் நாளே நிரப்பு என்கிறது. அது காய்ந்த குளிர் நாட்டுக்குச் சரி. கடல் சூழ்ந்த எங்கள் குடாநாட்டுக் காற்றில் ஏற்கனவே ஈரம் அதிகம், அதை 37 பாகைக்குச் சூடாக்கினாலே ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கிட்ட வந்து நிற்கும். முதல் 18 நாளுக்கு வேண்டியது அவ்வளவுதான். மேலும் தண்ணீர் ஊற்றினால் முட்டையில் இருந்து போகவேண்டிய ஈரம் போகாது, அகன்ற முனையில் இருக்கும் காற்றறை பெருக்காது, முழுதாய் வளர்ந்த குஞ்சு வெளியே வரமுடியாமல் ஓட்டுக்குள்ளேயே சாகும். நான் ஒரு வாய்க்காலில் கொஞ்சம் மட்டும் விடுகிறேன். 18ஆம் நாள் தட்டைக் கழற்றிவிட்டு, இரண்டையும் நிரப்பி 65, 70 சதவீதத்துக்கு ஏற்ற வேண்டும்.

ஏழாம் நாள் இரவு லைட்டை நூர்த்துவிட்டு, போன் டோர்ச்சின் மேல் முட்டையின் அகன்ற முனையை வைத்துப் பாருங்கள். உள்ளே சிவப்பு நரம்புகள் சிலந்திக் கால் மாதிரி விரிந்து, நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு அசையும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. ஒன்றுமே இல்லாமல் தெளிவாக இருந்தால் பெரும்பாலும் சேவல் சேராதது. இரத்த வளையம் மட்டும் தெரிந்தால் கரு கூடி இடையில் செத்தது. இரண்டையும் எடுத்துவிடுங்கள், விட்டால் அழுகி வெடித்து மற்றவற்றையும் கெடுக்கும்.

குறைகளும் உண்டு. தட்டின் குழிகள் பண்ணை முட்டைக்கு அளவானவை, ஊர்க்கோழி முட்டை அதில் ஆடும், மட்டைத் துண்டு செருக வேண்டியிருக்கிறது. அலாரம் மிக மெல்லிய சத்தம், அடுத்த அறைக்கே கேட்காது. உத்தரவாதம் மோட்டருக்கு மட்டும்தான், சூடாக்கும் பாகத்துக்கு இல்லை.

கரண்ட் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். 2022இல் நாளுக்கு 13 மணி நேரம் கரண்ட் நின்றதை யாரும் மறக்கவில்லைதானே. 12 வோல்ட் பற்றறி வயரோடு வரும் மெஷினாகக் கேட்டு வாங்குங்கள், விலை கொஞ்சம் கூட. அது இல்லாவிட்டாலும் ஒன்றிரண்டு மணி நேர வெட்டுக்கு மூடியைத் திறக்காமல், காற்றுத் துளையை விட்டுவிட்டுத் தடித்த துணியால் போர்த்தினால் போதும். அடைக்கோழியும் தீன் தின்ன எழும்பிப் போய்த்தானே வருகிறது.

பக்கத்து வளவு மாமி மெஷினைப் பார்த்துவிட்டு, “தம்பி, உந்தப் பெட்டி குஞ்சைப் பொரிக்கும், பருந்து வந்தால் செட்டைக்குள்ள வைச்சுக் காக்குமோ?” என்று கேட்டா. நியாயமான கேள்வி. அடைக்கோழி வைத்திருப்பவர்கள், பத்துப் பன்னிரண்டு குஞ்சு போதும் என்றால் காசைச் செலவழிக்கத் தேவையில்லை, கடகத்தில் வைக்கோல் போட்டு வையுங்கள். கூடுதலாக வேண்டுமென்றால், அல்லது உங்கள் கோழிகள் அடை கிடக்காத இனமென்றால், இந்த மெஷினை வாங்கலாம். குஞ்சுகளுக்குப் பல்ப் போட்ட சூட்டுப் பெட்டி ஒன்றையும் முதலே தயார் செய்யுங்கள். பொரித்த குஞ்சு ஈரம் காயும்வரை மெஷினுக்குள்ளேயே இருக்கட்டும், வயிற்றுக்குள் இழுத்த மஞ்சள் கருவோடு ஒரு நாள் தீன் இல்லாமல் தாங்கும்.