‘சப்ளை செயின் கோப்பு ரெடி பண்ணித் தர்றோம்’னு வர்றவங்ககிட்ட ஜாக்கிரதை: எனக்கு 6,800 டாலர் போச்சு

கை இன்னும் நடுங்குது. ஆனாலும் இப்பவே எழுதிடறேன், ஏற்றுமதி பண்றவங்க வேற யாரும் மாட்டக் கூடாது.

பருத்தி டி-ஷர்ட், ஒரு கன்டெய்னர், அமெரிக்காவுக்கு. அங்கே 2022 ஜூன் 21 முதல் உய்குர் கட்டாய உழைப்புத் தடுப்புச் சட்டம் அமலில் இருக்கு. சீனாவில் உய்குர் மக்கள் வாழற ஷின்ஜியாங் பகுதிப் பஞ்சு கொஞ்சம் கலந்திருந்தாலும் கட்டாய உழைப்புச் சரக்குன்னுதான் எடுத்துக்குவாங்க. இத்தனை சதவீதம் வரை பரவாயில்லைங்கற பேச்சே கிடையாது. எங்க பஞ்சு அங்கேயிருந்து வந்ததே இல்லை. ஆனா வாயால் சொன்னா போதாது. பண்ணை, ஜின்னிங் (பஞ்சிலிருந்து விதையைப் பிரிக்கிறது), நூல் மில், நிட்டிங், சாயம், தையல்னு ஒவ்வொரு கட்டத்துக்கும் பில், லாட் நம்பர், லாரி ரசீது வேணும்.

இதையெல்லாம் தொகுத்துத் தர்ற ஒரு ஆன்லைன் ஆலோசனைத் தளத்தைப் பிடிச்சேன். வீடியோ காலில் வந்தவர் எங்க பேக்கிங் லிஸ்ட்டைத் திரையில் போட்டார். “சார், இன்வாய்ஸ்ல 412 கார்ட்டன், இதுல 421. கஸ்டம்ஸ் பார்த்தா என்ன ஆகும்?” நாங்க மூணு பேர் சரிபார்த்தும் கண்ணில் படாத பிழை. அந்த நிமிஷம்தான் விழுந்தேன். இவ்வளவு கூர்மையா பார்க்கிறவர் ஏமாத்த மாட்டார்னு மனசு சொல்லிடுச்சு. அன்னிக்குச் சாயங்காலமே 6,800 டாலரையும் மொத்தமா அனுப்பிட்டேன். பாதி இப்போ, பாதி அப்புறம்னுகூடக் கேட்கலை.

பத்து நாளில் 84 பக்கக் கோப்பு வந்துது. முத்திரை, ‘இணக்கச் சான்றிதழ்’ எல்லாம் பளபளன்னு இருந்துது. சான்றிதழைப் பார்த்தேன், உள்ளே படிக்கலை. அங்கே கஸ்டம்ஸ்காரங்க படிச்சாங்க. 31ஆம் பக்கத்தில் நூல் பில் தேதி மார்ச் 19. அடுத்த பக்கத்தில் அதே நூலில் நிட்டிங் முடிஞ்ச தேதி மார்ச் 3. நூல் வர்றதுக்கு முன்னாடியே துணி! ஜின்னிங் படத்தில் தெரியற பஞ்சுப் பொதியோட டேக் நம்பர் எங்க பட்டியல்லயே இல்லை. நாங்க கொடுத்த அசல் பில்லையெல்லாம் ஓரமா வச்சுட்டு, வேற யாரோட கோப்பிலோ எங்க பேரை ஒட்டியிருக்காங்க.

கன்டெய்னரை நிறுத்திட்டாங்கன்னு பையர் மெயில் போட்ட அன்னிக்கே தளத்தைக் கூப்பிட்டேன். “டிக்கெட் போட்டாச்சு சார்.” மறுநாள், “டெக்னிக்கல் டீம் பார்க்குது.” நாலாம் நாள், வீடியோ காலில் பேசினவர் “வேற ப்ராஜெக்ட்டுக்குப் போயிட்டார்.” கடைசியா ஒரு மெயில்: கோப்பு தகவலுக்கு மட்டுமே, சட்டப் பொறுப்பு இறக்குமதியாளருடையது, பணம் திரும்பத் தர இயலாது. நிரூபிக்க வேண்டியது இறக்குமதியாளர்தான், சட்டம் அப்படித்தான் சொல்லுது. அது தெரிஞ்சுதானே என்கிட்ட 6,800 டாலர் வாங்கினீங்க? கன்டெய்னர் நிற்க நிற்க டெமரேஜ் (துறைமுகத் தாமதக் கட்டணம்) வேற ஏறுது.

என்ன செய்யணும்னு விரிவா எழுத நினைச்சேன், நேரமில்லை. தனியார் சான்றிதழ் எதுவும் சரக்கை விடுவிக்காது, அசல் பில்தான் பேசும். கோப்பு வந்ததும் தேதியையும் லாட் நம்பரையும் நீங்களே வரிசையா ஒத்துப் பாருங்க. முழுப் பணத்தையும் முன்கூட்டியே தராதீங்க. ஒப்பந்தத்தில் ‘தகவலுக்கு மட்டும்’னு இருந்தா கையெழுத்தே போடாதீங்க.

கஸ்டம்ஸுக்குப் பதில் கொடுக்க 30 நாள். அதில் 9 நாள் இவங்களோட பேசியே போச்சு. நூல் மில் அக்கவுண்டன்ட் பழைய ரசீதுகளைத் தேடி எடுத்து வச்சிருக்காராம், அங்கேதான் கிளம்பிட்டிருக்கேன்.