முழுதாக மீட்பதா, முகப்பை மட்டும் காப்பதா?

நகர மையத்தில் பூட்டிக் கிடக்கும் பழைய கட்டடத்தை முழுதாக மீட்டால், செலவு எங்கே முடியும் என்று சொல்லவே முடியாது. சுவருக்குள் செருகிய உத்திர முனைகள் ஈரத்தில் இற்றுப்போனது பூச்சைப் பெயர்த்த பிறகே தெரியும். சுண்ணாம்புச் சாந்துச் சுவரில் யாராவது சிமென்ட் பூசியிருந்தால் ஈரம் வெளியேற வழியின்றிச் செங்கல்லே உதிர்ந்திருக்கும். அப்புறம் லிஃப்ட், தீப்பாதுகாப்புப் படிக்கட்டு என்று இன்றைய விதிகள் வேறு.

முகப்பை மட்டும் நிறுத்திப் பின்னால் புதிதாகக் கட்டினால் கணக்கு ஓரளவு பிடிபடும். ஆனால் வேலை முடியும்வரை அந்தச் சுவரை இரும்புச் சட்டம் தாங்க வேண்டும், அதுவும் மலிவில்லை. பழைய சன்னல் உயரத்தோடு புதிய தளமட்டம் பொருந்தாமல், கண்ணாடிக்குப் பின்னே கான்கிரீட் விளிம்பு தெரிகிற கூத்தும் உண்டு. அடித்தளமும் சுவர்களும் தேறினால் என் ஓட்டு முதல் வழிக்கே.